சன்னலோரச் செடிகளும் மாவுப்பூச்சியும்

செடி நட நிலம் இல்லாதவர்க்கும் செடி வளர்க்கும் ஆசை உண்டு. அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரத்திலும், வரிசை வீடுகளின் முகப்பிலும், நம் வகுப்பறைச் சன்னல்களின் ஓரத்திலும் சிறு தொட்டிகள் அணிவகுத்து நிற்பதைக் காண்கிறோம். அவற்றுள் பல கள்ளி, கற்றாழை, மருள், கலாஞ்சோ முதலிய சதைப்பற்றுச் செடிகளாகும். இவற்றிற்கு நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டியதில்லை. பள்ளி விடுமுறைக்குப் பாட்டி வீட்டிற்குச் சென்று இரண்டு வாரம் கழித்துத் திரும்பினாலும் வாடாமல் நம்மை வரவேற்கும். கேமரன் மலைக்குச் சுற்றுலா செல்லும் மாணவர் பலர், பிரிஞ்சாங் பகுதியில் உள்ள பண்ணைகளில் உள்ளங்கையளவு கள்ளித் தொட்டி ஒன்றையாவது வாங்காமல் பேருந்தில் ஏறுவதில்லை.

அங்ஙனம் ஆசையோடு வாங்கி வந்த செடி, சில திங்களில் பொலிவிழக்கிறது. இலை இடுக்குகளில் வெண்பஞ்சு போன்ற ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனைத் தூசி என்று எண்ணி விட்டுவிடுவோர் உண்டு. செடிக்கு நோய் வந்துவிட்டது என்று குப்பைத் தொட்டியில் எறிவோரும் உண்டு. கொசுவிற்கு அடிக்கும் மருந்துத் தகரத்தை எடுத்துச் செடி நனையுமளவு பீய்ச்சுவோரும் உண்டு. இம்மூன்றனுள் கடைசியாகக் கூறியதே நம்மை அஞ்ச வைக்கிறது. ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவோம். செடியைப் பற்றியது எந்தப் பூச்சி, அஃது எங்கே ஒளிகிறது, எத்தனை நாளில் பெருகுகிறது என்பவற்றை அறிந்துகொண்டால், பஞ்சும் நீரும் சிறிதளவு சவர்க்காரமும் கொண்டே பெரும்பாலான செடிகளை மீட்டுவிடலாம்.

முதற்கண் இச்செடிகளின் இயல்பைச் சிறிது அறிவோம். மழை அரிதாகப் பெய்யும் நாடுகளில் தோன்றியவை இவற்றுள் மிகப் பல. கிடைத்த நீரை இலையிலோ தண்டிலோ வேரிலோ சேமித்துவைத்து, அதனைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன. ஏனைய செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை உட்கொள்ள, இவற்றுள் பல இரவில்தான் துளைகளைத் திறக்கின்றன. பகல் வெயிலில் நீர் ஆவியாகிப் போகாதிருத்தற்கு இஃது ஓர் உபாயம். இரவில் உட்கொண்ட வாயு புளிப்புச் சத்தாக இலையில் தங்கியிருக்கும். இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹேய்ன் என்னும் தாவர அறிஞர், ரணகள்ளி இலை காலையில் மென்றால் புளிப்பாகவும், நண்பகலுக்குமேல் சுவையற்றும் இருப்பதைக் கண்டு எழுதிய கடிதம் 1815ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாவினால் செய்த ஆராய்ச்சி! ஆயினும் மாணவர்கள் இதனைத் தாமும் செய்துபார்க்க முனைதல் கூடாது. செடிகளுள் நஞ்சுடையன பல.

கள்ளி என்னும் பெயரைப் பற்றியும் ஒரு சொல். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, கொடிக்கள்ளி என நம் முன்னோர் பெயரிட்டழைத்தவை, கீறினால் பால் வடியும் ஓர் இனம். நாம் கடையில் வாங்கும் உருண்டைக் கள்ளியும் சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த வேறோர் இனம். அவற்றுள் பலவற்றில் நீர் போன்ற சாறுதான் இருக்கும். இவ்வேறுபாடு வெறும் பெயர் ஆராய்ச்சியன்று. பூச்சியைத் துடைக்கும்போது பால் வடியும் கள்ளியாயின் அந்தப் பால் கண்ணிற் படாமல் காத்துக்கொள்ளவேண்டும். பட்டால் கடும் எரிச்சல் உண்டாகும். பார்வைக்கே ஊறு நேர்தலும் கூடும். பாலைரோஜா எனப்படும் அடினியத்தின் சாறும் நஞ்சே. கையுறை அணிந்து வேலை செய்து, முடிந்தபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும்.

வெட்டவெளியில் வளரும் செடியைவிட வீட்டினுள் வளரும் செடியைப் பூச்சி எளிதிற் பற்றுகிறதே, காரணம் என்ன? வெளியில் நிற்கும் செடிக்குக் காவலர் பலர். அடித்துப் பெய்யும் மழை இலையைக் கழுவுகிறது. காற்று, புதிதாய்ப் பொரித்த பூச்சிக்குஞ்சுகளை உதிர்த்துவிடுகிறது. பொறிவண்டும், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிறு குளவிகளும் பூச்சியைத் தேடிவந்து அழிக்கின்றன. அச்செடியை நாம் சன்னலுக்கு உட்புறம் கொண்டுவந்து வைக்கும்போது இக்காவலர் அனைவரையும் வெளியிலேயே நிறுத்திக் கதவைச் சாத்திவிடுகிறோம். உள்ளே மழை இல்லை, காற்றும் குறைவு, பொறிவண்டு வருவதேயில்லை. ஆகவே சன்னலோரச் செடிக்கு மழையும் நாமே, பொறிவண்டும் நாமே. வாரம் ஒருமுறை செடியைக் கையிலெடுத்து, இலையின் அடிப்புறம், இலைக்கும் தண்டிற்கும் இடைப்பட்ட இடுக்கு, முட்களின் அடி, தொட்டியின் விளிம்பு ஆகியவற்றை உற்று நோக்குவதுதான் அந்தக் காவல் வேலை. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தால் வேலை எளிது, சுவையும் மிகுதி.

இவ்வாறு நோக்குவோர் கண்ணில் முதலிற் படுவது பெரும்பாலும் மாவுப்பூச்சியே. வீடுகளில் இதனை 'வெள்ளைப்பூச்சி' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். நீள்வட்ட உடல், நீளம் 3 அல்லது 4 மில்லிமீட்டர். மேலெல்லாம் அரிசிமாவைத் தூவினாற்போல் வெண்ணிற மெழுகுப்பொடி. நூலினும் மெல்லிய வாயைச் செடிக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெண்பூச்சிக்குச் சிறகு இல்லை. ஆணுக்குச் சிறகு உண்டு. ஆனால் முழுவளர்ச்சி அடைந்த ஆணுக்கு உண்ணுதற்கு வாயே இல்லை. சில நாளில் மடிந்துவிடும். ஆகவே செடியின் சாற்றைக் குடித்துத் தீர்ப்பவை பெண்பூச்சிகளும் அவற்றின் குஞ்சுகளுமே.

பெண்பூச்சி பஞ்சுபோன்ற பை ஒன்றைப் பின்னி, அதனுள் 300 முதல் 600 முட்டைகள் வரை இட்டுவிட்டு இறந்துபோகிறது. வெப்பமான இடத்தில் முட்டைகள் ஒரு வாரம் முதல் பத்து நாளில் பொரிக்கின்றன. ஊசிமுனை அளவே உள்ள மஞ்சள்நிறக் குஞ்சுகள் வெளியேறி இடம் தேடி ஊர்ந்து செல்கின்றன. அப்போது அவற்றின்மீது மாவுப் பூச்சு மிகக் குறைவு. பொரித்தது முதல் தாமே முட்டையிடும் வரை ஏறத்தாழ ஒரு திங்கள் ஆகும். மலைநாட்டுக் குளிரைவிட நம் சமவெளி வெப்பத்தில் இவற்றின் வளர்ச்சி விரைவு.

கணக்குப் பாடத்தில் தேர்ந்த மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண்பூச்சி 400 முட்டை இடுகிறது என்றும், அவற்றுள் பாதி பெண் என்றும் கொள்வோம். அடுத்த தலைமுறையில் 200 பெண்பூச்சிகள். அவை ஒவ்வொன்றும் 400 முட்டை இட்டால் 80,000. முதற்பூச்சியிலிருந்து மூன்று திங்களுக்குள் வந்த எண்ணிக்கை இது! இயற்கையில் அத்தனையும் பிழைப்பதில்லை என்பது உண்மையே. எனினும் 'ஒன்றுதானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விடுவது எத்துணைத் தவறு என்பது விளங்கும். ஒரே நாளில் அத்தனையையும் துடைத்துவிட்டோம் என்று மகிழ்ந்தவர், பத்தாம் நாள் மீண்டும் வெண்மை தோன்றக் கண்டு மனம் தளர்வதற்கும் காரணம் இதுவே. துடைத்தபோது தப்பியவை முட்டைகள்.

பூச்சி குடித்தது போக எஞ்சிய சர்க்கரைச் சாறு, அதன் உடலிலிருந்து பிசுபிசுப்பான தேன்துளியாக வெளிவந்து இலையில் படிகிறது. அதன்மேல் கரிபோன்ற பூஞ்சணம் படரும். இலை கறுத்திருக்கக் கண்டால் கறுப்பைப் பார்த்து நின்றுவிடாமல் அதற்கு மேலுள்ள இலையின் அடிப்புறத்தைப் பார்க்கவேண்டும். மற்றுமோர் அடையாளம் எறும்பு. இனிப்பு இல்லாத செடியின்மீது எறும்பு சாரை சாரையாக ஏறி இறங்குமாயின் அங்கே யாரோ தேன் வார்க்கிறார்கள் என்பது பொருள். நம் கண்ணுக்குப் புலப்படாத பூச்சியையும் எறும்பு காட்டிக்கொடுத்துவிடும்.

எறும்பு தேனைக் குடிப்பதோடு நிற்பதில்லை. பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகிறது. ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் பூச்சியைக் கவ்விச் செல்வதும் உண்டு. இடையர் ஆநிரை மேய்ப்பதுபோல எறும்பு மாவுப்பூச்சியை மேய்க்கிறது என்று நாம் கூறினால் அது வெறும் உவமை என்று எண்ணவேண்டா. நம் மலேசியத் தீபகற்பத்தின் மழைக்காடுகளில் வாழும் ஒருவகை எறும்பைப் பற்றி மாஷ்விட்ஸ், ஹேனல் என்னும் செருமானிய ஆய்வாளர் இருவர் 1985ஆம் ஆண்டில் எழுதினர். அவ்வெறும்பு நிலையான புற்றுக் கட்டுவதில்லை. தம் உடல்களையே ஒன்றோடொன்று பிணைத்துக் கூடாரம் ஆக்கிக்கொண்டு, மாவுப்பூச்சிகளை அதனுள் வைத்துக் காக்கின்றன. ஓரிடத்தில் இளந்தளிர் தீர்ந்துவிட்டால் பூச்சிகளை வாயிற் கவ்விக்கொண்டு புதுத்தளிர் உள்ள இடத்திற்குக் கூட்டத்தோடு குடிபெயர்கின்றன. அந்த எறும்புக்கு உணவு அப்பூச்சிகள் தரும் தேனே. இத்தகைய ஆயர்பாடி நம் நாட்டுக் காட்டிலேயே இருப்பது நம்முள் பலருக்குத் தெரியாது.

ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்லிவிடலாம். கொக்கோக் காய்களைத் துளைத்துக் கெடுக்கும் ஒருவகை நாவாய்ப்பூச்சியைத் தடுக்க, நம் நாட்டுக் கொக்கோத் தோட்டங்களில் கருநிற எறும்பை வேண்டுமென்றே வளர்த்ததுண்டு. அவ்வெறும்பு மரத்தில் தங்கவேண்டுமானால் அதற்குத் தேன் வேண்டும். ஆகவே மாவுப்பூச்சியையும் சேர்த்தே வளர்த்தார்கள்! சன்னலோரத்தில் பகைவனாக இருப்பது கொக்கோ மரத்தில் கூலியாகிவிட்டது. ஆனால் நம் தொட்டியில் கொக்கோ இல்லை. ஆகவே எறும்பை வரவிடாமல் தடுப்பதே நமக்கு நல்லது. தொட்டியை மேசைமேல் வைத்து, மேசைக்கால்களை நீருள்ள கிண்ணங்களில் நிறுத்தலாம். பலகாரப் பாத்திரத்திற்கு நம் அன்னையர் செய்யும் அதே காப்புத்தான். நீரில் ஒரு துளி சவர்க்காரத்தைக் கலந்து, நாலைந்து நாளுக்கு ஒருமுறை கொட்டிக் கழுவி மாற்றவேண்டும்.

இனி மருத்துவம். பூச்சி கண்ட செடியை முதலில் மற்றச் செடிகளிலிருந்து பிரித்து வைக்கவேண்டும். சில பூச்சிகளே இருப்பின், காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை மருந்துக்கடையில் விற்கும் 70 விழுக்காட்டு ஸ்பிரிட்டில் தோய்த்து, ஒவ்வொரு பூச்சியின் மேலும் தொடவேண்டும். மாவு போன்ற மெழுகு கரைந்து பூச்சி பழுப்பு நிறமாக மாறும்; பின்னர் அதனைத் துடைத்தெடுக்கலாம். வெறும் நீர் அந்த மெழுகில் ஒட்டாமல் முத்துப்போல் உருண்டோடிவிடும். ஸ்பிரிட்டோ உள்ளே புகுந்துவிடுகிறது. ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும் பொருள். அடுப்பு, ஊதுவத்தி, விளக்கு ஆகியவற்றின் அருகே அதனைத் திறத்தலாகாது. சிறுவர் தனியே இதனைச் செய்யாமல், ஆசிரியரையோ பெற்றோரையோ அருகில் வைத்துக்கொண்டே செய்தல் வேண்டும்.

பூச்சி மிகுந்திருப்பின் சவர்க்கார நீர் நன்று. ஒரு லிட்டர் நீரில் பாத்திரம் கழுவும் மென்மையான சவர்க்காரத்தை ஒரு தேக்கரண்டி கலந்து, இடுக்குகளில் படும்படி தெளிக்கவேண்டும். துணி துவைக்கும் தூள் ஆகாது. அதன் காரம் இலையைப் பொசுக்கிவிடும். வேப்பெண்ணெய் கிடைத்தால் அதே அளவு நீரில் ஒரு தேக்கரண்டி எண்ணெயைச் சில துளி சவர்க்காரத்தோடு குலுக்கித் தெளிக்கலாம். எதுவாயினும் வெயில் தாழ்ந்தபின் செய்யவேண்டும். ஈரத்தோடு வெயிலில் வைத்தால் இலை வெந்து தழும்பு விழும். சவர்க்கார நீர் தெளித்திருந்தால் ஓரிரு மணி நேரம் கழித்து நல்ல நீரில் அலசி, இலைக்குருத்தில் நீர் தேங்காமல் சாய்த்து வடித்துவிடவேண்டும். சதைப்பற்றுச் செடிகளுள் சில சவர்க்காரத்தையும் எண்ணெயையும் தாங்கா. முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டே முழுச்செடிக்கும் தெளிக்கவேண்டும். இலைமேல் சாம்பல் பூத்தாற்போல் இயற்கையான வெண்பூச்சு உடைய செடிகளை இயன்றவரை தேய்க்காமல், பஞ்சுக்குச்சியாலேயே வைத்தியம் பார்ப்பது மேல். அந்தப் பூச்சு அச்செடிக்குக் குடை போன்றது. அழிந்த இடத்தில் மீண்டும் வருவதில்லை.

இச்சிகிச்சையை ஏழு நாளுக்கு ஒருமுறை, குறைந்தது நான்கு வாரம் செய்யவேண்டும். இதைத்தான் பலர் செய்வதில்லை. மேலே போட்ட கணக்கை நினைவிற்கொண்டால் ஏழு நாள் என்று ஏன் வைத்தோம் என்பது புரியும். இன்று முட்டையிலிருந்து தப்பியவை அடுத்த வாரத்தில் குஞ்சாக வெளிவரும். மெழுகுப்பூச்சு ஏறாத அந்தப் பருவத்தில் அவற்றை வெல்வது எளிது. வகுப்பறைச் செடியாயின் நாட்குறிப்பில் நாளையும், அன்று கண்ட பூச்சிகளின் எண்ணிக்கையையும் எழுதி வருதல் நல்லது. இருபத்தேழு, ஒன்பது, நான்கு, சுழியம் என்று எண் குறைந்துவருவதைக் காண்பதில் உள்ள மகிழ்ச்சி தேர்வு மதிப்பெண் கூடுவதற்குச் சற்றும் குறைந்ததன்று.

மேலே ஒரு பூச்சியும் இல்லை; இருந்தும் செடி வளராமல் வாடி நிற்கிறது. அப்போது தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்கவேண்டும். வேரிலும் தொட்டியின் உட்சுவரிலும் வெண்பொடி பூசினாற்போல் இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. மண்ணை முழுதும் உதறி, அந்த மண்ணைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடவேண்டும். மற்றத் தொட்டிகளில் இடுதல் கூடாது. வேரைக் குழாய்நீரில் கழுவி, அழுகிய வேரைக் கத்தரித்து, நிழலில் நாலைந்து நாள் காயவைக்கவேண்டும். 'வேர் காய்ந்தால் செடி செத்துவிடாதா?' என்று மாணவர் கேட்பர். வேறு செடியானால் சாகும்; தன் உடம்பிலேயே நீரைத் தேக்கி வைத்துள்ள இச்செடிக்கு அது பட்டினி ஆகாது. பிறகு ஆற்றுமணலும் எரிமண்ணும் உமிக்கரியும் கலந்த புதுமண்ணில் நட்டு, ஒரு வாரம் கழித்தே நீர் ஊற்றவேண்டும்.

மாவுப்பூச்சியின் உறவினர் செதில்பூச்சி. முழுவளர்ச்சி அடைந்த பெண் நகராது. கிளிஞ்சல் கவிழ்த்தாற்போல் பழுப்பு நிற ஓட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். மருள், கற்றாழை ஆகியவற்றின் இலைகளில் இதனைக் காணலாம். பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து உதிர்த்துவிடலாம். பூச்சி செத்தபின்னும் ஓடு ஒட்டியே இருக்கும். குச்சியால் அழுத்தும்போது ஈரம் கசிந்தால் உயிர் உண்டு; பொடியாக உதிர்ந்தால் இல்லை.

மற்றோர் உறவினருக்கு வரலாற்றில் இடம் உண்டு. சப்பாத்திக்கள்ளியின்மேல் பஞ்சுபோல் படரும் ஒருவகைப் பூச்சியை நசுக்கினால் குருதி போன்ற செந்நிறம் கசியும். மெக்சிகோ நாட்டு மக்கள் நெடுங்காலமாக இந்தக் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்துச் சாயம் எடுத்து வந்தனர். ஒரு கிலோ சாயச்சரக்கிற்கு ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட பூச்சிகள் வேண்டும். அச்சாயத் தொழிலை இந்தியாவில் தொடங்கலாம் என்னும் ஆசையால் கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில், 1795இல், பிரேசில் நாட்டிலிருந்து அப்பூச்சி கொண்டுவரப்பட்டது. வந்தது உண்மையான சாயப்பூச்சியன்று, வேறோர் இனம். சாயம் கிட்டவில்லை. ஆனால் நிலமெங்கும் மண்டிக்கிடந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அது தின்றழித்தது. அதைக் கண்டு 1860களில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கள்ளியை ஒழிக்கவே அதைப் பரப்பினர். வேறொரு சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க 1926இல் இன்னோர் இனக் கொச்சினீல் பூச்சி இந்தியாவிற்கு வந்தது. ஓர் ஊரையே மூடிய முட்புதரைச் சாய்க்க வல்ல பூச்சிக் குடும்பத்திற்கு நம் சன்னலோரத் தொட்டி எம்மாத்திரம்!

சிலந்திப்பேன் பூச்சியே அன்று. பூச்சிக்குக் கால் ஆறு, இதற்கு எட்டு. அரை மில்லிமீட்டர்கூட இராது. கள்ளியின் நுனி தவிட்டு நிறமாகச் சொரசொரப்பாகி, மிக மெல்லிய நூலாம்படை தெரிந்தால் இதனை ஐயுறவேண்டும். வெள்ளைத்தாளைப் பிடித்துச் செடியை மெல்லத் தட்டினால் தாளில் விழுந்த புள்ளிகள் நடக்கத் தொடங்கும். குளிர்சாதன அறைகளின் வறண்ட காற்று இதற்குப் பிடிக்கும், நீர் பிடிக்காது. நன்கு கழுவி, சவர்க்கார நீர் தெளித்தால் அடங்கும். கழுவினாலும் தவிட்டுநிறத் தழும்பு மாறாது. புதிதாக வரும் நுனி பசுமையாக இருக்கிறதா என்பதையே பார்க்கவேண்டும். அசுவினி பெரும்பாலும் கலாஞ்சோவின் பூந்தண்டில் மொய்க்கும். பூ முடிந்த தண்டானால் அதனை வெட்டி எறிவதே குறுக்குவழி.

நீர் ஊற்றும்போது தொட்டி மண்ணிலிருந்து கொசுவைப் போன்ற கருநிறச் சிறு ஈக்கள் கிளம்பினால் அது செடியின் குற்றமன்று. நம் கையின் குற்றம். ஈரம் காயாத மண்ணில் வளரும் பூஞ்சணத்தைத் தின்று அவற்றின் புழுக்கள் வாழ்கின்றன, இளவேரையும் கடிக்கின்றன. மண்ணை முழுதும் காயவிட்டாலே பெரும்பாலும் ஒழிந்துவிடும். நம் நாட்டுக் காற்று ஈரம் மிகுந்தது. பாலைநிலச் செடிக்கு நாள்தோறும் நீர் வார்ப்பது, வயிறு நிறைந்த குழந்தைக்கு மேலும் மேலும் ஊட்டுவதைப் போன்றது. உரமும் அப்படியே; தழைச்சத்து மிகுந்தால் செடி மெலிந்த சதையோடு நெடுநெடுவென வளரும்; சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு அதைவிட விருந்து வேறில்லை.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் அதனினும் பெரும்பகை பிறக்கிறது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவிற்கு ஒரு தட்டு நீர் போதும். முட்டை பொரித்தபின் ஏழெட்டு நாளிலேயே பறக்கத் தொடங்கிவிடும். கொசு இனம்பெருக்க இடம் தருவது நம் நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். சதைப்பற்றுச் செடிக்குத் தேங்கிய நீர் எவ்வகையிலும் வேண்டியதில்லை, அடித்தட்டை எடுத்துவிடலாம். எறும்புக்காக மேசைக்காலின் கீழ் வைத்த கிண்ணத்தை நாலைந்து நாளுக்கு ஒருமுறை கழுவச் சொன்னதும் இதற்காகவே.

இனிக் கொசுமருந்துத் தகரத்திற்கு வருவோம். அது கொசுவிற்கும் கரப்பானுக்கும் என்று செய்யப்பட்டது. அதில் உள்ள எண்ணெய்க் கரைப்பான் இலையைப் பொசுக்கும். பஞ்சுப்பைக்குள் உள்ள முட்டைக்கோ ஒன்றும் ஆகாது. செடிக்கென்று விற்கும் நச்சுமருந்துகளும் உண்டு. அவற்றுள் சில வேர்வழி ஏறிச் செடியின் சாற்றிலேயே கலந்து தங்கிவிடும். சோற்றுக்கற்றாழையை எண்ணிப் பாருங்கள். பாட்டி அதன் சோற்றைத் தலையில் தேய்க்கிறார், தீப்புண்ணுக்குத் தடவுகிறார், சிலர் வீட்டில் மோரில் கலந்து பருகுகின்றனர். அந்தத் தொட்டியில் நேற்று யாரோ மருந்துக்குருணை தூவியது அவருக்கு எப்படித் தெரியும்? உண்ணவோ பூசவோ பயன்படும் செடிக்கு இத்தகைய மருந்து வேண்டவே வேண்டா. வகுப்பறையிலும் வேண்டா. நம் நாட்டில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற பூச்சிமருந்துகளையே விற்கலாம். எந்தச் செடிக்கு, எந்த அளவு என்பது உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதனைப் படித்தறிய வேண்டியவர் பெரியவர். மருந்தை நீர்ப்புட்டியிலோ பானப்புட்டியிலோ ஊற்றிவைத்தல் பெருந்தீங்கு.

மருந்து அடித்தலைப் பற்றி நம்மவர்க்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் முதுகில் மருந்துக்கலத்தைச் சுமந்து, வெயிலில் களைக்கொல்லி அடித்தவர்களுள் நம் பாட்டிமாரும் தாய்மாரும் பலர். நகம் கறுத்ததும், மூக்கில் குருதி வடிந்ததும், கண் எரிந்ததும் அவர்கள் வாய்மொழியாகவே நாம் கேட்டவை. அவர்கள் கையாண்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 சனவரி முதல் நாள் தொட்டுத் தடைசெய்யப்பட்டது. அத்தகைய வீட்டுப் பிள்ளைகள் உள்ளங்கையளவு கள்ளிக்காக நச்சுத்தகரத்தைக் கையிலெடுப்பதை நாம் விரும்பவில்லை.

நச்சுமருந்தினால் நேரும் இன்னொரு இழப்பும் உண்டு. அது நண்பனையும் கொன்றுவிடும். தாழ்வாரத்தில் வைத்த செடிக்குப் பொறிவண்டு தானே வந்து சேரும். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளுள் சிலவற்றின் புழுப்பருவம் மாவுப்பூச்சியைப் போலவே வெண்மெழுகு போர்த்திருக்கும். மாறுவேடம் பூண்ட ஒற்றன்! அறியாதார் அதனையும் நசுக்கிவிடுவர். வேறுபாட்டை அறிவது கடினமன்று. மாவுப்பூச்சி சிறிது, மெல்ல நகரும் அல்லது அசையாதிருக்கும். புழுவோ வளர்ந்தபின் ஒரு சென்டிமீட்டர் அளவு இருக்கும். மெழுகு இழைகள் நீண்டு சிலிர்த்து நிற்கும். விரலை அருகே கொண்டுசென்றால் விரைந்து ஓடும். இவ்வகை வண்டு ஒன்றினை ஆல்பர்ட் கோபல் என்பார் ஆஸ்திரேலியாவிலிருந்து 1891இல் கலிபோர்னியாவிற்குக் கொண்டுசென்றார். மாவுப்பூச்சியை ஒழிக்க அதன் வழிவந்தவற்றை இன்றும் பல நாடுகளில் வளர்த்து விற்கின்றனர். ஓடும் வெண்புழுவைக் கண்டால் அச்செடிக்குச் சவர்க்கார நீர் தெளிப்பதைச் சில வாரம் நிறுத்திவைத்து, அந்தப் புழு என்ன செய்கிறது என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்.

எல்லாம் செய்தும் பிழைக்காத செடியும் உண்டு. தண்டு அடியில் குழைந்து, தொட்டால் நீர் கசிந்தால் அதற்குமேல் மருந்தில்லை. எறிவதற்கு முன் அதில் பூச்சியில்லாத இலையோ கிளையோ ஒன்றேனும் உண்டா என்று பார்க்கவேண்டும். கலாஞ்சோ, ரணகள்ளி போன்றவற்றை ஓர் இலையிலிருந்தோ சிறு கிளையிலிருந்தோ மீண்டும் உண்டாக்கலாம். ரணகள்ளி இலையை ஈரமணலில் கிடத்தினால் போதும், அதன் விளிம்பிலுள்ள ஒவ்வொரு வெட்டிலும் ஒரு குட்டிச்செடி முளைக்கும். மற்றவற்றில் வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டும்வரை நாலைந்து நாள் நிழலில் வைத்துப் பிறகு நடவேண்டும். நடுமுன் இலையின் இருபுறமும் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடவேண்டும். பழைய தொட்டியை மறுபடி பயன்படுத்துவதானால் சவர்க்காரமும் கொதிநீரும் இட்டுத் தேய்த்து வெயிலில் காயவைக்கவேண்டும். கொதிநீர் ஊற்றும் வேலை பெரியவர்க்கு உரியது. தொட்டியின்மேல் நட்ட நாளை எழுதி ஒட்டி, மூன்று வாரம் அதனைத் தனியே வைத்துப் பார்த்தபின்னரே சன்னலோர வரிசையில் சேர்க்கலாம். கடையிலிருந்து புதிதாக வரும் செடிக்கும் இதே மூன்று வாரம்தான்.